பதில் சரி, எப்படி வந்தது? ஏ.ஐ. பத்தி ஆழமா படிக்க ஏழு வாசிப்புகள்

மாடல்கள் எப்படி ட்ரெயின் ஆகுது, டோக்கன்னா என்ன என்றெல்லாம் போன எபிசோடுகளில் பேசியிருந்தோம். கேட்டுட்டு நிறைய பேர் அனுப்பின கேள்வி ஒண்ணுதான்: "சரி, இன்னும் ஆழமா படிக்கணும். எங்கே ஆரம்பிக்கிறது?"

இன்னைக்கு எபிசோடு முழுக்க அதுக்கான பதில். ஆனா நீங்க எதிர்பார்க்கிற லிஸ்ட் இது இல்லை. லேட்டஸ்ட் மாடலோட பேப்பர், கோடிங் டுடோரியல் எதுவும் இதில் கிடையாது. அதெல்லாம் தேடினாலே கிடைக்கும், சீக்கிரம் பழசாவும் ஆயிடும். நான் சொல்லப்போறது ஏழு வாசிப்புகள். அதில் ரொம்பப் பழையது 1907-ல் வந்தது. ஹீரோ ஒரு குதிரை.

ஏன் இந்த ஏழு? ஒரே ஒரு கேள்விக்காக. அந்தக் கேள்வி என் வேலையில் தினமும் வருது. ஏ.ஐ. எழுதின கோடு ரிவ்யூவுக்கு வருது. டெஸ்ட் எல்லாம் பச்சை. மெர்ஜ் பண்ணலாமா? வீட்டுக்கு வந்தா, அம்மா தன்னோட பிளட் டெஸ்ட் ரிப்போர்ட்டை சாட்பாட்டில் போட்டு விளக்கம் கேட்டிருக்காங்க. படிச்சுப் பார்த்தா சரியாத்தான் தெரியுது. நம்பலாமா? ரெண்டு இடத்திலும் நம்ம கையில் இருப்பது பதில் மட்டும்தான். அது எந்த வழியா வந்ததுன்னு தெரியாது. வழி தெரியலைன்னா, நாளைக்குக் கேள்வி கொஞ்சம் மாறும்போதும் பதில் சரியா வருமான்னு சொல்ல முடியாது.

இன்ஜினியரிங்ல நாம படிச்சது அக்யூரஸி எவ்வளவுன்னு கணக்குப் போட. நூத்துக்குத் தொண்ணூறு சரின்னா நல்ல மாடல். "அந்தத் தொண்ணூறும் தப்பான வழியில் வந்திருந்தா?" என்ற சந்தேகம் சிலபஸில் இல்லை. அந்தச் சந்தேகத்தையே தொழிலா வச்சிருக்கிற துறைதான் காக்னிடிவ் சயின்ஸ், அதாவது அறிதல் அறிவியல். கைக்குழந்தை, குரங்கு, மூளையில் அடிபட்டவர் என்று, தன் மனசுக்குள்ள என்ன நடக்குதுன்னு எடுத்துச் சொல்ல முடியாதவர்களை ஆராய்ந்து வளர்ந்த துறை அது. இப்போ அந்த வரிசையில் சாட்பாட்டும் சேர்ந்திருக்கு. சரி, ஒவ்வொண்ணா பார்ப்போம்.

ஒன்று: கணக்குப் போட்ட குதிரை

பெர்லினில் வில்ஹெல்ம் ஃபான் ஓஸ்டன் என்று ஒரு ரிட்டயர்டு கணக்கு வாத்தியார். அவர் வளர்த்த குதிரையின் பெயர் ஹான்ஸ். கூட்டல், கழித்தல், பின்னம், தேதி என்று எதைக் கேட்டாலும் ஹான்ஸ் காலைத் தரையில் தட்டிப் பதில் சொல்லும். ரெண்டும் மூணும் எவ்வளவுன்னு கேட்டா அஞ்சு தட்டு. கூட்டம் கூட்டமாக வந்து பார்த்தார்கள். வாத்தியார் யாரிடமும் காசு வாங்கவில்லை. 1904-ல் ஒரு குழு அமைத்துச் சோதித்தார்கள். கார்ல் ஷ்டும்ஃப் என்ற உளவியல் பேராசிரியரும் அதில் இருந்தார். ஏமாற்று வேலை எதுவும் இல்லை என்று குழு முடிவு சொன்னது.

அதன் பிறகு ஷ்டும்ஃபின் மாணவர் ஆஸ்கர் ஃபங்ஸ்ட் வந்தார். அவர் திருட்டைத் தேடவில்லை, நிலைமையை மாற்றிப் பார்த்தார். கேள்வி கேட்பவருக்கே விடை தெரியாதபடி ஏற்பாடு செய்தார். ஹான்ஸ் தோற்றது. கேட்பவரைக் குதிரை பார்க்க முடியாதபடி மறைத்தார். அப்போதும் தோற்றது. விஷயம் என்னன்னா, கேள்வியைக் கேட்டு முடித்ததும் மனிதர்கள் குதிரையின் காலைப் பார்க்க லேசாகக் குனிகிறார்கள். தட்டு சரியான எண்ணுக்கு வந்ததும், அவர்களுக்கே தெரியாமல் தலை துளியூண்டு நிமிர்கிறது. ஹான்ஸ் அதைப் பார்த்து நிறுத்தியது.

ஃபங்ஸ்ட் இதோடு விடவில்லை. ஆய்வுக்கூடத்தில் தானே குதிரையாக மாறினார். எதிரில் இருப்பவரை ஒரு எண்ணை மனசில் நினைக்கச் சொல்லி, கையால் தட்டி, அவர் தலையசைவைப் பார்த்து நிறுத்தினார். பெரும்பாலானவர்களிடம் அது பலித்தது. இதையெல்லாம் 1907-ல் புத்தகமாக எழுதினார். ஆங்கில மொழிபெயர்ப்பு 1911-லேயே வந்துவிட்டது. காப்புரிமைக் காலம் முடிந்த புத்தகம், இணையத்தில் இலவசமாகப் படிக்கலாம்.

இதில் நாம கவனிக்க வேண்டியது, ஹான்ஸ் முட்டாள் இல்லை. மனுஷங்க முகத்தைப் படிக்கிறதில் அது கில்லாடி. நாம அளந்ததா நினைச்சது கணக்குத் திறமையை, அது கத்துக்கிட்டது வேற ஒண்ணை. நம்ம பாஷையில் சொன்னா, விடை டெஸ்ட் டேட்டாவுக்குள்ளேயே லீக் ஆகியிருந்தது. சோதித்த குழுவில் இருந்தவர்கள் நேர்மையானவர்கள், படித்தவர்கள். அப்படியும் அதைப் பிடிக்க முடியவில்லை.

இரண்டு: பதில் போதும் என்றவர்

"அப்போ எல்லா ஏ.ஐ.யும் இந்தக் குதிரைதான்"னு முடிவு கட்டிடாதீங்க. எதிர்த்தரப்பு வாதம் ரொம்ப ஸ்ட்ராங். அதனால ரெண்டாவது வாசிப்பு ஆலன் டூரிங் 1950-ல் 'மைண்ட்' என்ற தத்துவ இதழில் எழுதிய கட்டுரை. டூரிங் டெஸ்ட் என்று எல்லாரும் பேர் சொல்றோம், கட்டுரையைப் படிச்சவங்க குறைவு.

இயந்திரம் யோசிக்குமா என்ற கேள்வியை டூரிங் ஒதுக்கி வைக்கிறார். அந்த இடத்தில் ஒரு விளையாட்டை வைக்கிறார்: கண்ணுக்குத் தெரியாத இருவரிடம் டைப் செய்து பேசி, யார் மனிதர், எது இயந்திரம் என்று கண்டுபிடிக்க வேண்டும். ஏன் பதிலை மட்டும் பார்க்கச் சொல்கிறார்? ஆபீஸில் பக்கத்து சீட்டில் இருப்பவர் யோசிக்கிறார்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? அவர் மண்டையைத் திறந்து பார்த்ததில்லையே. பேசுறதை, செய்றதை வச்சுத்தானே நம்புறோம்? மனுஷனுக்கு ஒரு அளவுகோல், மெஷினுக்கு வேற அளவுகோல்னு வச்சா அது நியாயமா? இந்தக் கேள்வியைத் தாண்டிப் போறது அவ்வளவு சுலபம் இல்லை.

கட்டுரையில் டூரிங் தனக்கு எதிரான ஒன்பது வாதங்களைத் தானே வரிசைப்படுத்திப் பதில் சொல்கிறார். "சொல்லிக்கொடுத்ததைத் தவிர புதுசா எதையும் இயந்திரம் செய்யாது" என்ற, ஏடா லவ்லேஸ் பெயரில் வழங்கும் வாதமும் அதில் உண்டு. இன்னைக்கு ஆன்லைனில் நடக்கிற ஏ.ஐ. சண்டையில் பாதி அந்த ஒன்பதுக்குள் அடங்கிடும். கடைசிப் பகுதியில், பெரியவரின் மூளையை நேரடியாக ப்ரோக்ராம் செய்வதைவிட, குழந்தை மாதிரி ஒரு இயந்திரத்தைச் செய்து அதைக் கற்க வைக்கலாமே என்கிறார். 1950-ல்!

மூன்று: அறையை விட்டு வெளியே போகச் சொன்ன செக்ரட்டரி

மூன்றாவது, ஜோசஃப் வைசன்பாம். எம்.ஐ.டி.யில் இருந்தவர். 1966-ல் எலைசா என்ற ப்ரோக்ராம் பற்றிக் கட்டுரை வெளியிட்டார். மனநல ஆலோசகர் மாதிரிப் பேசும். உள்ளே இருந்த வேலை ரொம்பச் சின்னது: வாக்கியத்தில் சில சொற்களைத் தேடும், "என்" என்று வந்தால் "உங்கள்" என்று மாற்றும், கேள்வியாகத் திருப்பிப் போடும். அம்மா பற்றி ஏதாவது சொன்னால் குடும்பத்தைப் பற்றி மேலும் சொல்லச் சொல்லும்.

வைசன்பாமின் செக்ரட்டரி, அவர் இந்த ப்ரோக்ராமை மாதக்கணக்கில் எழுதுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தவர். அவரே எலைசாவோடு பேச உட்கார்ந்ததும், சில நிமிஷத்தில் வைசன்பாமை அறையை விட்டு வெளியே போகச் சொன்னார். தனியாகப் பேசணுமாம்.

இந்த அனுபவமும் சேர்ந்துதான் 1976-ல் 'கம்ப்யூட்டர் பவர் அண்ட் ஹியூமன் ரீசன்' என்ற புத்தகமாக வந்தது. அதில் வைசன்பாம் கேட்பது, கம்ப்யூட்டரால் ஒரு வேலையைச் செய்ய முடியுமா என்பதோடு, அதைச் செய்யக் கொடுக்கலாமா என்றும். நீதிபதியின் வேலை, மனநல மருத்துவரின் வேலை இதையெல்லாம், முடிந்தாலும்கூட, கொடுக்கக் கூடாது என்று வாதாடுகிறார். வைசன்பாம் பெர்லினில் பிறந்தவர், நாஜி காலத்தில் சிறுவனாகக் குடும்பத்தோடு அமெரிக்கா வந்த யூதர். மனிதரை எண்ணாகப் பார்க்கும் நிர்வாகம் எங்கே கொண்டுபோய் விடும் என்ற பயம் புத்தகம் முழுக்கத் தெரியும்.

ராத்திரி ரெண்டு மணிக்கு மனசு சரியில்லாம சாட்பாட்டிடம் பேசுற நண்பர்கள் நம்மில் பலருக்கு உண்டு. அவங்களைக் கிண்டல் பண்றவங்க முதல்ல இந்தப் புத்தகத்தைப் படிக்கணும். ஹான்ஸ் விஷயத்தில் மனுஷன் தெரியாம விடையைக் கொடுத்தான், இங்கே மனுஷன் தெரியாம அர்த்தத்தைக் கொடுக்கிறான்.

நான்கு: சீன அறை

நாலாவது, ஜான் சர்ல் 1980-ல் எழுதிய கட்டுரை. ரெஸ்டாரன்ட் கதைகளைப் படித்துக் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் ஒரு ப்ரோக்ராமை உதாரணமாக எடுக்கிறார். ஒருத்தர் ஹாம்பர்கர் ஆர்டர் பண்றார், கருகிப் போய் வருது, கோபத்தில் பில் கட்டாம எழுந்து போயிடறார். அவர் சாப்பிட்டாரா? கதையில் சொல்லப்படாத இந்த விஷயத்துக்கு ப்ரோக்ராம் சரியாகப் பதில் சொன்னால், அதற்குக் கதை புரிந்தது என்று சொல்லலாமா?

சர்ல் சொல்கிறார்: என்னை ஒரு அறைக்குள் பூட்டுங்கள். எனக்குச் சீன மொழி தெரியாது. வெளியே இருந்து சீன எழுத்துகள் வரும். எந்த வடிவத்துக்கு எந்த வடிவத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று எனக்குத் தெரிந்த மொழியில் ஒரு ரூல் புத்தகம் இருக்கிறது. அதைப் பார்த்துப் பார்த்துத் தருகிறேன். வெளியே இருப்பவர்கள் உள்ளே சீனம் தெரிந்தவர் இருக்கிறார் என்று நினைப்பார்கள். எனக்கோ ஒரு எழுத்துகூடப் புரியாது. கம்ப்யூட்டரும் இதைத்தானே செய்கிறது?

கட்டுரையோடு நிறுத்திடாதீங்க. அது வந்த இதழிலேயே இருபதுக்கும் மேற்பட்டவர்கள் எழுதிய மறுப்பும் விமர்சனமும் சேர்ந்து வந்தன. "உள்ளே இருக்கும் ஆளுக்குப் புரியாமல் இருக்கலாம், ஆள், புத்தகம், அறை எல்லாம் சேர்ந்த அமைப்புக்குப் புரிகிறது" என்பது ஒரு மறுப்பு. "அந்த அறைக்குக் கண்ணும் காலும் கொடுத்து உலகத்தில் நடமாட விட்டால்?" என்பது இன்னொன்று. ஒவ்வொன்றையும் படிக்கும்போது "ஆமா, இதுதான் கரெக்ட்"னு தோணும். அடுத்ததைப் படிச்சதும் மாறும். அந்த ஆட்டம் நல்லது.

ஐந்து: மூன்று மாடி

இந்தச் சண்டைகள் ஏன் முடியவே மாட்டேங்குதுன்னு புரிய வச்ச புத்தகம் ஐந்தாவது. டேவிட் மார் எழுதிய 'விஷன்'. மார் ரத்தப் புற்றுநோயால் 1980-ல் 35 வயதில் இறந்துவிட்டார். புத்தகம் 1982-ல் வந்தது. முழுசும் படிக்கக் கஷ்டம். முதல் அத்தியாயம் போதும், சாஃப்ட்வேர் ஆட்களுக்கு அது வெல்லக்கட்டி.

தகவலைக் கையாளும் எதையும் மூன்று மாடியில் புரிந்துகொள்ள வேண்டும் என்கிறார். மேல்மாடி: அது என்ன வேலை செய்கிறது, ஏன்? நடுமாடி: எந்த முறையில், எந்தப் படிகளில்? கீழ்மாடி: எந்தப் பொருளில்? அவர் தரும் உதாரணம் கடையில் இருக்கும் கல்லா மெஷின். மேல்மாடியில் அது கூட்டல். நடுமாடியில் இலக்கம் இலக்கமாகக் கூட்டி மீதியை அடுத்த இடத்துக்குக் கொண்டுபோகும் முறை. கீழ்மாடியில் பல்சக்கரமா, சிப்பா என்பது.

இப்போ நம்ம வாட்ஸ்அப் குரூப் சண்டைக்கு வாங்க. "அது வெறும் மேட்ரிக்ஸ் பெருக்கல்டா"ங்கறவர் கீழ்மாடியில் நிற்கிறார். "ஆனா கோடு எழுதுதே, ஜோக் சொல்லுதே"ங்கறவர் மேல்மாடியில் நிற்கிறார். ரெண்டும் உண்மை, அதனால யாரும் ஜெயிக்கப் போறதில்லை. மூளையும்கூடக் கீழ்மாடியில் வெறும் செல்லும் மின்சாரமும்தானே? நமக்குத் தேவை நடுமாடி: எந்த முறையில் அந்தப் பதில் வந்தது? மாடலுக்குள் புகுந்து அதைத் தேடும் ஆராய்ச்சிக்குத்தான் இன்னைக்கு இன்டர்பிரட்டபிலிட்டின்னு பேர்.

ஆறு: "ஏன்னு அதுகிட்டயே கேட்டா?"

"சிம்பிள் ப்ரோ, எப்படி இந்தப் பதிலுக்கு வந்தேன்னு சாட்பாட்டையே கேட்டுடலாமே"ன்னு சொல்றவங்களுக்கு ஆறாவது வாசிப்பு. ரிச்சர்ட் நிஸ்பெட், டிமத்தி வில்சன் 1977-ல் எழுதிய கட்டுரை.

அதில் ஒரு சோதனை. ஒரே மாதிரியான நான்கு ஜோடி நைலான் ஸ்டாக்கிங்ஸ், அதாவது நீளமான காலுறைகள், வரிசையாக வைக்கப்பட்டிருந்தன. எது தரமானது என்று கடைக்கு வந்தவர்களைக் கேட்டார்கள். வலது ஓரத்தில் இருந்ததைத்தான் நிறைய பேர் தேர்ந்தெடுத்தார்கள். ஏன் என்று கேட்டபோது, இருந்த இடம்தான் காரணம் என்று ஒருவரும் சொல்லவில்லை. இடம் காரணமாக இருக்குமோ என்று நேராகக் கேட்டபோதும், ஏறக்குறைய எல்லாருமே மறுத்தார்கள்.

இவங்க யாரும் பொய் சொல்லலை. நம்ம முடிவு எந்த வழியா வந்ததுன்னு நமக்கே தெரியறதில்லை. கேட்டா, நம்புற மாதிரி ஒரு காரணத்தை மனசு செஞ்சு கொடுத்துடும். மனுஷங்க கதையே இதுன்னா, மனுஷங்க எழுதினதைப் படிச்சுக் கத்துக்கிட்ட மாடல் தரும் "காரணம்" உண்மையான வழியைச் சொல்லுதுன்னு எதை வச்சு நம்புறது? அந்த விளக்கமும் இன்னொரு பதில்தான். அதையும் சோதிக்கணும்.

ஏழு: குதிரை திரும்பி வந்தது

சரி, சோதிக்கிறது எப்படி? ஏழாவது வாசிப்பு 2019-ல் டாம் மெக்காய், எல்லி பாவ்லிக், டால் லின்சன் மூவரும் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை. ஒரு வாக்கியத்திலிருந்து இன்னொரு வாக்கியம் நிச்சயமாகப் பெறப்படுமா என்று சொல்லும் மாடல்களைச் சோதித்தார்கள். அந்தக் காலத்தின் ஸ்டார் மாடலான பெர்ட்டும் அதில் ஒன்று. வழக்கமான டெஸ்டில் நல்ல மார்க்.

இவர்களுக்கு வந்த சந்தேகம்: மாடல் அர்த்தத்தைப் பார்க்குதா, இல்லை ரெண்டு வாக்கியத்திலும் ஒரே சொற்கள் இருக்கான்னு பார்த்து "ஆமா" சொல்லுதா? நான் தமிழில் ஒரு உதாரணம் செஞ்சு சொல்றேன். "மேனேஜர் சம்பளம் ஏத்திட்டாருன்னு குமார் நம்பினான்." இதிலிருந்து "மேனேஜர் சம்பளம் ஏத்திட்டாரு" என்று முடிவு செய்யலாமா? முடியாது. பாவம் குமார். ஆனா ரெண்டாவது வாக்கியத்தின் எல்லாச் சொல்லும் முதலாவதில் இருக்கு. சொல்லை மட்டும் பார்க்கிற மாடல் இங்கே மாட்டிக்கும்.

இப்படி, குறுக்குவழியில் போனால் தப்பாகும்படி ஆங்கில வாக்கியங்களைக் கட்டி ஒரு டெஸ்ட் செய்தார்கள். மாடல்கள் அதில் மோசமாகத் தோற்றன. அந்த டெஸ்டின் பெயரின் சுருக்கம் என்ன தெரியுமா? ஹான்ஸ். அன்றைக்கு ஃபங்ஸ்ட் குதிரையின் கண்ணை மறைத்தார், 2019-ல் இவர்கள் சொற்பொருத்தம் என்ற துப்பை மறைத்தார்கள். முறை ஒன்றேதான்.

கட்டுரையின் கடைசிப் பகுதியையும் விடாதீங்க. அதே மாதிரி வாக்கியங்களைப் பயிற்சியில் சேர்த்ததும் மாடல்கள் தேறின. இப்போ அதுக்கு அர்த்தம் புரிஞ்சுதா, இல்லை இன்னொரு தலையசைவைக் கத்துக்கிச்சா? அதைச் சொல்ல இன்னொரு சோதனை வேணும். இன்னைக்கு இருக்கிற சாட்பாட்டுகளுக்கும் இதே கேள்வி பொருந்தும்.

எப்படிப் படிக்கிறது?

நான் சொன்ன வரிசையிலேயே படிக்கணும்னு இல்லை. நேரம் கம்மின்னா முதலில் டூரிங்கும் சர்லும். ரெண்டையும் அடுத்தடுத்த நாளில் படிங்க. ஒருத்தரை மட்டும் படிச்சா, நம்ம ஏற்கெனவே நம்பினதைக் கெட்டிப்படுத்த அவர் உதவுவார், அவ்வளவுதான். தத்துவம் போரடிக்கும்னா குதிரையிலிருந்து ஆரம்பிச்சு நேரா ஏழாவதுக்குத் தாவலாம். கட்டுரைன்னாலே அலர்ஜின்னா ஒரு போனஸ்: சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி.எஸ். ராமச்சந்திரன், சாண்ட்ரா பிளேக்ஸ்லீயோடு சேர்ந்து 1998-ல் எழுதின 'ஃபேன்டம்ஸ் இன் தி பிரெயின்'. கையை இழந்தவரின் கன்னத்தில் பஞ்சுக் குச்சியால் தொட்டு, இல்லாத கையின் விரலில் அந்தத் தொடுதலை அவர் உணர்வதைக் கண்டுபிடிக்கிறார். பெரிய மெஷின் எதுவும் இல்லாம, சரியான கேள்வியை வச்சே வழியைத் தேடும் புத்தகம்.

இந்த ஏழையும் படிச்சா "ஏ.ஐ.க்குப் புரியுமா, புரியாதா"ன்னு ஒரு தீர்ப்பு கிடைக்காது. எனக்கும் கிடைக்கல. ஆனா என் ரிவ்யூ மாறியிருக்கு. கோடு டெஸ்டில் பாஸ் ஆச்சுன்னா, அந்த டெஸ்டையும் அதே ஏ.ஐ.தான் எழுதிச்சான்னு பார்ப்பேன். அப்படின்னா அது கேட்பவருக்கும் விடை தெரிஞ்ச சோதனை. நானா ரெண்டு டெஸ்ட் எழுதுவேன், இன்புட்டை மாத்திப் பார்ப்பேன். அம்மாவோட ரிப்போர்ட் விஷயத்திலும் அப்படித்தான். "எனக்குச் சர்க்கரை இருக்குதானே?"ன்னு ஒரு தடவை, "எனக்குச் சர்க்கரை இல்லைதானே?"ன்னு ஒரு தடவை, புது சாட்டில் கேட்கச் சொன்னேன். நம்ம கேள்வியின் சாய்வைப் பார்த்துப் பதில் சாயுதான்னு அவங்களே ஒப்பிட்டுப் பார்க்கலாம். ரெண்டு தடவையும் ஒரே பதில் வந்தாலும் டாக்டரைப் பார்க்கத்தான் போகணும்னும் சொல்லிட்டேன்.

நீங்களும் இந்த வாரம் தினமும் கேட்கிற ஒரு கேள்வியை எடுத்து, விடையை நீங்க எதிர்பார்க்கிற மாதிரி ஒரு தடவை, எதிர்பார்க்காத மாதிரி ஒரு தடவை கேட்டுப் பாருங்க. என்ன ஆச்சுன்னு எழுதுங்க. அடுத்த எபிசோடில் டூரிங்கின் அந்த ஒன்பது வாதங்களை மட்டும் எடுத்துப் பேசலாம்னு இருக்கேன், அதுக்குள்ள கட்டுரையைப் படிச்சுட்டு வந்தீங்கன்னா சேர்ந்து சண்டை போடலாம்.